உடன்பிறப்பும் உலைக்களமும்

(வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

காவிரி பாயும் நம் நாட்டில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்வது புதிதன்று. ஒரு வேலி நிலம் உடைய தந்தைக்கு நான்கு மக்கள் என்றால் ஆளுக்கு ஐந்து மா. பெரியவர்கள் கூடிப் பேசி வரப்புப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. ஆயினும் அந்தப் பாகப் பிரிவினையிலும் ஒன்றை எவரும் பிரிப்பதில்லை. அதுதான் வாய்க்கால். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார்களே அன்றி, வாய்க்காலை நான்காக வெட்டிக்கொள்ள மாட்டார்கள். வெட்டினால் நால்வர் வயலும் காயும் என்பதை உழவன் அறிவான்.

நிலத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இந்த உண்மை, கைத்தொழில் செய்யும் குடும்பங்களில் அத்துணை தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு பட்டறையில் எது வயல், எது வாய்க்கால்? உடன்பிறந்தவர்கள் எதைப் பங்கிட்டுக் கொள்ளலாம், எதைப் பொதுவில் வைத்துக் காக்க வேண்டும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னிலத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளிதான். எனினும் தஞ்சைத் தரணி உழவரை மட்டும் கொண்டதன்று. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கன்பேட்டை நாகசுரம், தஞ்சாவூர் வீணை, தஞ்சாவூர்க் கலைத்தட்டு, சுவாமிமலைப் படிமம் என்று ஊரின் பெயரையே முன்னொட்டாகக் கொண்ட கைத்தொழில்கள் இங்கே உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில், தந்தையும் மக்களும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்துவரும் தொழில்கள். நம் கல்லூரி வகுப்புகளிலும் இத்தகைய குடும்பங்களிலிருந்து வந்து பயில்வோர் இருக்கக்கூடும். ஆகவே இது நூலகத்தோடு முடிந்துவிடும் ஆய்வன்று. நம்மில் சிலர் வீட்டுத் திண்ணையில் என்றேனும் ஒருநாள் எழப்போகும் வினாவே ஆகும்.

சுவாமிமலையில் ஒரு குடும்பம்

கும்பகோணத்தை அடுத்துக் காவிரிக் கரையில் உள்ளது சுவாமிமலை. முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகப் பக்தர்கள் அறிந்த இவ்வூரை, உலோகப் படிமங்கள் வார்க்கும் ஊராக உலகம் அறியும். இங்கு வாழ்ந்த தேவசேனாபதி ஸ்தபதிக்குப் பின், அவர் மக்கள் இராதாகிருட்டிண ஸ்தபதி, ஸ்ரீகண்ட ஸ்தபதி, சுவாமிநாத ஸ்தபதி ஆகிய மூவரும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். தந்தையின் பெயரோடு ‘மக்கள்’ என்னும் பொருள் தரும் சொல்லைச் சேர்த்தே அவர்களுடைய பட்டறை அழைக்கப்பட்டது. மூவரும் தனித்தனிப் பெயரில் மூன்று பலகை மாட்டாமல், தந்தையின் பெயரில் ஒரே பலகையின்கீழ்த் தொழில் நடத்தியது கருதத்தக்கது.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுதில்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட நடராசர் திருவுருவம் இப்பட்டறையில் உருவானதே. ஏறத்தாழ 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்ட அவ்வுருவம், செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளீயம், வெள்ளி, பொன், பாதரசம், இரும்பு என எட்டு உலோகங்கள் கலந்து செய்யப்பட்டது. இந்திரா காந்தி தேசியக் கலை மையம் ஒப்படைத்த இப்பணி ஏழு மாதங்களில் முடிந்தது. உடன்பிறந்தார் மூவரும் தம் குழுவினரோடு இதில் ஈடுபட்ட செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டன. சிதம்பரம், தஞ்சைப் பெரிய கோயில், கோனேரிராசபுரம் ஆகிய மூன்று தலங்களின் நடராசர் வடிவங்கள் இதற்கு முன்மாதிரியாயின. அவற்றுள் கோனேரிராசபுரம் நம் நன்னிலத்துக்கு வெகு தொலைவில் இல்லை. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் தம் கணவர் நினைவாகக் கற்றளியாக்கிய கோயில் அது.

அந்நாளில் வெளியான குறிப்புகள், இக்குடும்பம் 34 தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவருவதாகக் கூறின. வேறு சில நூல்களில் இவ்வெண் மாறுபடும். எண் எதுவாயினும், ஒவ்வொரு தலைமுறையிலும் உடன்பிறந்தவர்கள் ஒன்றுகூடியோ, பிரிந்தோ, எப்படியோ தொழிலைக் கைம்மாற்றித் தந்திருக்கின்றனர் என்பது உறுதி. அது எவ்வாறு இயன்றது என்பதை அறிய, முதலில் அத்தொழிலின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும்.

படிமம் உருவாகும் முறை

செய்யப்போகும் படிமத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதனை மடித்து மடித்து உறுப்புகளின் அளவுகளைக் குறித்துக்கொள்வர். இதற்கு ஒடியோலை என்று பெயர். பெருந்தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலம் என்னும் அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலமாகக் கொள்ளப்படும். இந்த அங்குலம் நம் அளவுகோலின் அங்குலமன்று. அந்தப் படிமத்தின் உயரத்தில் 124இல் ஒரு பங்கு. ஆகவே உருவம் ஓரடியாயினும் பத்தடியாயினும் விகிதம் மாறுவதில்லை. அண்ணன் முகத்தையும் தம்பி கையையும் தனித்தனியே செய்தாலும் இரண்டும் ஓருடலுக்குப் பொருந்துவது இந்தப் பொது அளவினால்தான்.

அடுத்தது மெழுகு வேலை. தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பதப்படுத்தி, தலை, உடல், கைகால், அணிகலன் என உறுப்பு உறுப்பாக உருவாக்குவர். பிறகு சூடேற்றிய கருவியால் அவற்றை ஒட்டி முழு உருவம் சமைப்பர். மெழுகை நிறுத்தே உலோகத்தின் அளவைக் கணக்கிடுவர். உலோகக் கலவை மெழுகைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது. ஆகவே 5 கிலோ மெழுகுருவுக்கு ஏறத்தாழ 45 கிலோ உலோகம் வேண்டும். வாய்க்காலிலும் கழிவிலும் போவதற்காக அதற்கு மேலும் சிறிது வேண்டும்.

மெழுகுருவின் மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணை முதலில் பூசுவர். நகக்குறி முதலிய நுண்மைகளையெல்லாம் இந்த முதற்பூச்சே பதிய வைத்துக்கொள்கிறது. அது நிழலில் உலர்ந்த பின், வயல் மண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள் ஏறும். பெரிய அச்சுகளை இரும்புக் கம்பியால் கட்டுவர். பிறகு அச்சைச் சூடேற்ற, உள்ளிருக்கும் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறும். அந்த வெற்றிடத்தில்தான் உருகிய உலோகம் புகவேண்டும்.

வார்ப்பு நாள்தான் பட்டறையின் தேர்வு நாள். உலை ஒருபுறம் எரிய, அச்சு மறுபுறம் சூடேற, இரண்டும் ஒரே பொழுதில் பதத்துக்கு வரவேண்டும். அச்சைக் குழியில் நிறுத்தி, மூசையைத் தூக்கி, உலோகத்தை இடைவிடாத ஒழுக்காக ஊற்ற வேண்டும். அச்சில் ஈரம் எஞ்சியிருந்தால் நீராவி வெடித்து ஊற்றுபவர் மேலேயே தெறிக்கும். நடுவில் கைநின்றால், முதலில் புகுந்த உலோகம் இறுகிவிடும். பின்னர் ஊற்றுவது அதனோடு இணையாமல் மடிப்பு விழும். அச்சோ ஒருமுறைக்கு உரியது. உடைத்துத்தான் படிமத்தை எடுக்க வேண்டும். வார்ப்பு தவறினால் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். பல வார உழைப்பு மண்ணாகும்.

வார்த்தெடுத்த பின் உளியாலும் அரத்தாலும் சீர்செய்யும் வேலை நாள்கணக்கிலோ, உருவின் அளவுக்கேற்ப மாதக்கணக்கிலோ நடக்கும். இறுதியில் மூத்த ஸ்தபதி கண் திறப்பார்.

பிரியும் வேலையும் பிரியா வேலையும்

மேற்கண்ட முறையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மெழுகு வேலையைப் பலருக்குப் பங்கிடலாம். உளிவேலையையும் பங்கிடலாம், ஒருவர் காலையிலும் மற்றொருவர் மாலையிலும் செய்யலாம். ஆனால் வார்ப்பைப் பங்கிட இயலாது. அந்தப் பொழுதில் எல்லாக் கைகளும் ஒரே இடத்தில், ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். முந்தின நாள் இரவு அண்ணனும் தம்பியும் மூசைக்கு எவ்வளவு செம்பு என்று சண்டையிட்டிருக்கலாம். ஊற்றும்போது ஒருவர் ‘நிறுத்து’ என்றால் மற்றவர் நிறுத்த வேண்டும். எவர் சொல் செல்லும் என்பது அங்கே அகந்தைக்குரிய செய்தியன்று, உயிருக்குரிய செய்தி.

இதனோடு நாச்சியார்கோவில் குத்துவிளக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் ஆகியன தனித்தனியே வார்க்கப்பட்டு, கடைந்து மெருகேற்றப்பட்டுத் திருகு மரைகளால் இணைக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் தண்டும் அடுத்த வீட்டில் தட்டும் செய்தாலும் விளக்கு விளக்காகிவிடும். ஆகவே அண்ணனும் தம்பியும் தனி உலை வைத்துக்கொண்டாலும், ஒருவருக்கொருவர் உறுப்புகளைச் செய்து கொடுத்துத் தொழிலை நடத்த வழியுண்டு. படிம வார்ப்பில் அந்த வசதி குறைவு.

எனவே, ‘கூடியிருப்பதா, பிரிவதா’ என்னும் வினாவுக்கு எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பொருள் எத்தனை உறுப்பாகப் பிரியுமோ, அதற்கேற்பவே பட்டறையும் பிரியும். மனக்கசப்பினால் மட்டும் பிரித்தால், பிரியாத இடத்தில் வெட்டு விழும்.

சட்டம் சொல்வது என்ன?

தந்தை இருக்கும் வரை எழாத சட்ட வினாக்கள் அவர் மறைந்த மறுமாதமே எழும். வணிகவியல் மாணவர்கள் அறிந்த சட்டங்கள் சில இங்கே பயன்படும்.

இந்துக் கூட்டுக்குடும்பத்தில் முன்னோர் வழி வந்த தொழில், பிறப்பினால் வரும் உரிமையை அடிப்படையாகக் கொண்டது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமோ, கூட்டாண்மை என்பது ஒப்பந்தத்தால் பிறப்பதேயன்றி உறவுநிலையால் பிறப்பதன்று என்கிறது. அதாவது, ஒரே தந்தைக்குப் பிறந்து ஒரே பட்டறையில் வேலை செய்வதனாலேயே மூவர் ‘கூட்டாளிகள்’ ஆகிவிடமாட்டார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் இருபது ஆண்டு சேர்ந்து உழைத்துவிட்டு, பிறகு வழக்குமன்றத்தில் நின்று ‘நாங்கள் யார்?’ என்று கேட்கும் நிலை வரலாம்.

கூட்டாண்மையாகப் பதிந்துகொண்டாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிடில், சட்டம் மூன்று செய்திகளைத் தானே விதித்துவிடும். ஒன்று, இலாபம் சமமாகப் பங்கிடப்படும். இரண்டு, வேலை செய்வதற்காக எவருக்கும் தனி ஊதியம் இல்லை. மூன்று, ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டாண்மை கலைந்துவிடும். இம்மூன்றும் பட்டறைக் குடும்பத்துக்கு எவ்வளவு இடர் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் மறைந்த அன்றே, உலையில் அச்சு இருக்கும்போதே, தொழில் சட்டப்படி கலைந்துபோகும்!

1930ஆம் ஆண்டின் இந்து கல்விப் பயன் சட்டம் மிகச் சுவையானது. குடும்பச் செலவில் ஒருவன் கல்வியோ கைத்திறனோ கற்றிருந்தாலும், அதனால் அவன் ஈட்டும் பொருள் அவனுக்கே உரியது என்பது அதன் சாரம். அப்படியாயின் பட்டறை பொதுச்சொத்து. கைவிரலில் உள்ள திறமை தனிச்சொத்து! குடும்பத் தொழிலின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது எனலாம். உலையைப் பங்கு கேட்கலாம். உலையை ஆளும் கையைப் பங்கு கேட்க முடியாது.

கூலியும் இலாபமும்

உடன்பிறந்தார் பட்டறைகளில் பிணக்கு பெரும்பாலும் பேராசையால் தோன்றுவதில்லை. கூலியையும் இலாபத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் தோன்றுகிறது. மெழுகு வேலை செய்பவர் நிழலில் அமர்ந்திருக்கிறார். உலை முன் நிற்பவர் வெந்துபோகிறார். கடையில் இருப்பவர் வெள்ளை வேட்டியோடு விருந்தினரை வரவேற்கிறார். பணம் வருவது கடையில் இருப்பவர் கைக்கு. உழைப்பு தெரிவது உலை முன் நிற்பவர் உடம்பில். மெழுகு வேலைக்காரரின் நுண்திறமையோ பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொருவரும் தம் வேலையே மற்ற இருவரையும் தாங்குகிறது என்று எண்ணுவதும் இயல்பே. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்னும் பழமொழி நம் பெரியவர்கள் பட்டறிந்து சொன்னது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உடன்பிறந்தார் மூவர். இருவர் பட்டறையில் உழைக்கின்றனர். மூன்றாமவர் வெளியூரில் அலுவலகப் பணியில் இருக்கிறார். ஆண்டு வருவாயில் செலவு போக எஞ்சியது 9 இலட்ச ரூபாய். ஒப்பந்தம் ஏதும் இல்லையெனில் ஆளுக்கு 3 இலட்சம். உழைத்த இருவருக்கும் மனம் கசக்கும். ‘உனக்கென்ன பங்கு?’ என்று கேட்டால் மூன்றாமவருக்கு மனம் கசக்கும். தந்தை வைத்த செம்பிலும் கட்டடத்திலும் அவருக்கும் உரிமை உண்டல்லவா?

இப்போது கூலியைத் தனியே பிரிப்போம். உழைத்த இருவருக்கும் ஆளுக்கு 2 இலட்சம் கூலி. ஆக 4 இலட்சம். பட்டறை நிதிக்கு 50,000. எஞ்சிய 4 இலட்சத்து 50 ஆயிரத்தை மூவரும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம். உழைத்தவருக்கு மொத்தம் 3 இலட்சத்து 50 ஆயிரம். வெளியூரில் இருப்பவருக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம். உழைப்புக்குக் கூலி, உரிமைக்குப் பங்கு, நாளைய உலைக்கு நிதி என்று மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. எவரும் எவருக்கும் தருமம் செய்யவில்லை என்பது கணக்கிலேயே தெரிகிறது.

பட்டறை நிதியை மட்டும் சிறிதாக எண்ணிவிடலாகாது. செம்பை முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும். படிமம் முடிந்து விலையாகும் வரை அந்தப் பணம் உலோகத்திலேயே முடங்கிக் கிடக்கும். வார்ப்பு ஒன்று தவறினால் மீண்டும் தொடங்கக் கையிருப்பு வேண்டும். நிதி இல்லாத பட்டறையில் தவறிய வார்ப்பு வட்டிக் கடனாகும்; வட்டிக் கடன் ‘யாரால் தவறியது?’ என்னும் கேள்வியாகும். அக்கேள்வி குடும்பத்தைப் பிளக்கும்.

பிரிந்தும் கெடாதவை

பிரிவு என்றாலே அழிவு என்று கொள்வதும் பொருந்தாது. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராத்திய அரசவையில் திகழ்ந்த நட்டுவனார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறைவுறும் பரத நாட்டியக் கச்சேரி முறையை வகுத்தமைத்த பெருமை அவர்களுடையது. பின்னாளில் சின்னையா மைசூர் அரசவைக்கும், வடிவேலு திருவிதாங்கூர்ச் சுவாதித் திருநாள் அரசவைக்கும் சென்றனர். நால்வரும் ஓரூரில் இருக்கவில்லை. எனினும் நால்வரின் முறை ஒன்றாகவே நின்றது. ஊரும் ஊதியமும் பிரிந்தன, பாடாந்தரம் பிரியவில்லை.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத் தொழிலே. 1623ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் தொடங்கிய சில்ஜியன் என்னும் ஆர்மீனியக் குடும்பம், இசைத்தாளம் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. உலோகக் கலவையின் மறைபொருள் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சொல்லப்பட்டுவந்தது. 1929இல் அமெரிக்காவில் தொழிலை நிறுவிய அவேடிஸ் சில்ஜியன் 1979இல் மறைந்தார். அவர் மக்கள் ஆர்மண்டு, இராபர்ட்டு இருவரிடையே பிணக்கு மூண்டு வழக்கில் முடிந்தது. இராபர்ட்டு பிரிந்து 1981இல் கனடாவில் ‘சேபியன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மூன்று பிள்ளைகளின் பெயர்களின் தொடக்க ஒலிகளைச் சேர்த்து அப்பெயரை வைத்தார். குடும்பப் பெயர் அண்ணனிடமே தங்கிவிட்டது. இரு நிறுவனங்களும் வளர்ந்தன. இருவர் கையிலும் தந்தையின் வித்தை முழுமையாக இருந்ததே இதற்குக் காரணம். ஒருவருக்கு மட்டும் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாதிருந்தால், பிரிந்தவர் தொழிலையே இழந்திருப்பார்.

இவ்விரு வரலாறுகளும் ஒரு பாடத்தைத் தருகின்றன. வித்தையை எல்லா மக்களுக்கும் முழுமையாகக் கற்பித்த குடும்பம் பிரிந்தாலும் பிழைக்கும். ஒருவனை மெழுகுக்கும் ஒருவனை உலைக்கும் மட்டுமே பழக்கிய குடும்பம் பிரிந்தால், இருவருமே முடவராவர்.

பெயரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சுவாமிமலைப் படிமமும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் நரசிங்கன்பேட்டை நாகசுரமும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே புவிசார் குறியீடு பெற்றவை. தந்தையின் பெயர் ஒரு குடும்பத்துக்கு உரியது. ஊரின் பெயர் அத்தொழில் செய்வோர் அனைவருக்கும் உரியது. பிரிந்து சென்ற தம்பிக்குத் தந்தையின் பலகை கிடைக்காமற் போகலாம். ஊரில் இருந்து முறைப்படி தொழில் செய்தால் ஊரின் பெயர் அவனைக் கைவிடாது.

உடன்பிறந்தாள் எங்கே?

இதுவரை அண்ணன் தம்பி என்றே எழுதிவந்தோம். உடன்பிறந்தார் என்னும் சொல்லில் அக்காளும் தங்கையும் இல்லையா? நம் பட்டறைகளில் பெண்மக்கள் வீட்டுக்குள் நின்று செய்த உதவிகள் கணக்கில் ஏறியதில்லை. உளியும் மூசையும் அவர்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை.

சட்டம் முன்னே நடந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1989 முதலே, அதுவரை மணமாகாத பெண்மக்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்கு நிகரான பிறப்புரிமை அளிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் மையச் சட்டத் திருத்தம் அதனை நாடு முழுவதற்கும், மணமான பெண்களுக்கும் விரித்தது. அன்று தந்தை உயிரோடு இல்லாவிடினும் அவ்வுரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

உரிமை வந்தும் வித்தை வராததால் ஓர் இக்கட்டு விளைகிறது. தங்கைக்குப் பட்டறையில் பங்கு உண்டு. ஆனால் பட்டறையில் இடம் இல்லை. ஆகவே அவள் தன் பங்கைப் பணமாகத்தான் கேட்க முடியும். பணமோ செம்பிலும் கட்டடத்திலும் முடங்கியிருக்கிறது. விற்றால்தான் கொடுக்கலாம்; விற்றால் உலை அணையும். அவளைக் குறை கூறுவதா, அண்ணனைக் குறை கூறுவதா? இருவர் மேலும் குறையில்லை. அவளுக்குத் தொழில் கற்பிக்காததே குறை. மேற்சொன்ன சில்ஜியன் குடும்பத்தில் ஆர்மண்டு தம் பெண்மக்களைத் தொழிலுக்குள் கொண்டுவந்து, மறைபொருளையும் சொல்லித் தந்தார். மூத்தவர் கிரேகி 1999இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதற்பெண் ஆனார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு மரபு அதனால் குலைந்துவிடவில்லை.

குலத்தொழிலா, விருப்பத் தொழிலா?

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ‘குலத்தொழிலைத் தொடர்க என்று கூறுவது பழமைக்குத் திரும்புவதாகாதா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் இராஜாஜி அமைச்சரவை தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்க வழிசெய்தது. அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. பிறந்த குடியைக் கொண்டு ஒருவன் தொழிலை வரையறுப்பது கொடுமை என்பதில் ஐயமில்லை. அந்தத் தளை அறுந்ததால்தான் நம்மில் பலர் இன்று கல்லூரி வாயிலுக்குள் நிற்கிறோம்.

ஆனால் கட்டாயத்தை ஒழிப்பது வேறு. கலையை ஒழிப்பது வேறு. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனம் பின்னர் கல்லூரியாக வளர்ந்து, ஸ்தபதி வீட்டில் பிறவாதவர்க்கும் இக்கலையைக் கற்பித்துவருகிறது. எனவே கலை ஒரு குடும்பத்தையே நம்பி நிற்க வேண்டியதில்லை. குடும்பத்துப் பிள்ளையும் கலையிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள் 2009இல் வெளியிட்ட நூல் ஒன்றில், சுவாமிமலை ஸ்ரீகண்ட ஸ்தபதியைப் பற்றி ஓர் இயல் எழுதியுள்ளார். தம் மகன் கணிப்பொறியியல் பயில விரும்புவதையும், அதனால் தந்தை மனத்தில் எழுந்த கவலையையும் அதில் காணலாம். சோழர் காலம் தொட்டு வந்ததாகக் கருதப்படும் ஒரு மரபின் முன்னே இந்த நூற்றாண்டின் பிள்ளை நிற்கும் நிலை அது. அந்தப் பிள்ளையைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. அந்தத் தந்தையின் கவலையை எள்ளவும் எவருக்கும் உரிமை இல்லை. உடன்பிறந்தார் பலராக இருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஒரு மகன் மட்டும் உள்ள வீட்டில் அவன் விருப்பமே மரபின் முடிவாகிவிடும். நால்வர் உள்ள வீட்டில் இருவர் படித்து வெளியே செல்ல, இருவர் விரும்பி உள்ளே நிற்கலாம். அதற்கு, சென்றவரை ‘ஓடிவிட்டான்’ என்றும் நின்றவரை ‘படிப்பு ஏறாதவன்’ என்றும் பேசாத நாக்கு வேண்டும்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

இதுவரை ஆராய்ந்தவற்றிலிருந்து, உடன்பிறந்தார் சேர்ந்து தொழில் நடத்தும் வீட்டில் எழுதி வைக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

1. உழைப்புக்குக் கூலி, உரிமைக்குப் பங்கு, பட்டறைக்கு நிதி ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

2. ஒருவர் மறைந்தாலோ விலகினாலோ தொழில் கலையாது தொடரும் என்றும், அவர் பங்கு எவ்வாறு மதிப்பிடப்பட்டு எத்தனை தவணையில் தரப்படும் என்றும் எழுத வேண்டும்.

3. தந்தையின் பெயரை யார், எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்பதை அவர் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

4. அளவுக் குறிப்புகள், வரைபடங்கள், கலவை விகிதம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு படி இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது.

5. ஒவ்வொரு வேலையிலும் இறுதிச் சொல் எவருடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். உலையில் ஒருவர், கடையில் ஒருவர் என இருப்பதில் தவறில்லை; உலையிலேயே இருவர் இருப்பதுதான் தவறு.

6. ஆண்டுக்கு ஒருநாள், ஆயுத பூசைக்கு முன்பாகவேனும், எல்லாரும் அமர்ந்து கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கருவிகளுக்குச் சந்தனம் இடும்போது மனத்தில் கணக்கு பாக்கி இருக்கலாகாது.

‘அண்ணன் தம்பிக்குள் எழுத்தா?’ என்று நாணுவோர் உண்டு. ஐயம் வந்த பின் எழுதுவதுதான் நாணத்தக்கது. அன்பு நிறைந்திருக்கும்போது எழுதிய எழுத்து அன்பைக் குறைப்பதில்லை.

முடிவுரை

பட்டறையில் வயல் எது, வாய்க்கால் எது என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கூலி, இலாபம், கட்டடம், கையிருப்புச் செம்பு ஆகியன வயல். இவற்றை வரப்பிட்டுப் பிரிக்கலாம். அளவும் வித்தையும் பெயரின் நாணயமும் வாய்க்கால். இவற்றில் எல்லாருக்கும் முறை உண்டு, எவருக்கும் தனியுரிமை இல்லை. வார்ப்புப் பொழுதோ மதகு திறக்கும் நேரம் போன்றது. அப்போது அனைவரும் கரையில் நிற்க வேண்டும்.

நம் பகுதியில் ஒரு பட்டறை மூடப்படும்போது மலிவான இயந்திரப் பொருள்மீதும் மாறிவிட்ட காலத்தின்மீதும் பழி போடுகிறோம். அவையும் காரணங்களே. ஆனால் ஒரு வீட்டுக்குள் கணக்கு எழுதப்படாததாலும், தங்கைக்கு வித்தை சொல்லப்படாததாலும், தம்பிக்குக் கூலி பேசப்படாததாலும் அணைந்த உலைகளும் இருக்கக்கூடும். சந்தையை நம்மால் திருத்த முடியாது. வீட்டுக் கணக்கை எழுத முடியும். வரவு செலவு பயின்ற மாணவர்களாகிய நாம், விடுமுறையில் வீடு திரும்பும்போது, பட்டறை வைத்திருக்கும் உறவினர்க்கு ஒரு குறிப்பேட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துச் சென்று, உடன்பிறந்தார் அனைவரையும் ஒருநாள் மாலை அமர்த்தி அந்த முதற்பக்கத்தை எழுதித் தருவோமாக. மூன்று ஆண்டு பயின்ற படிப்பு அவ்வளவேனும் பயன்பட வேண்டாமா?